விலைச்சீட்டு ஒட்டாத தராசு

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை தெஸ்மா மூன்று கூடை மரவள்ளி வறுவலைக் கட்டி முடித்துவிட்டு, நான்காவது கூடைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாயகும்பு சந்தையில் பத்து வருடமாக வறுவல் விற்கிறவள் சும்மா உட்கார்ந்தால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லை ஏதோ கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம்.

காய்ச்சல் இல்லை.

அவள் கணவன் நோஃப்ரி ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள் என்று இந்த வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, மற்ற வாத்தியார்கள் உண்டியல் படம் வரையச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நோஃப்ரி மட்டும் நிஜமாகவே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான். வம்பு அங்கேதான் பிறந்தது.

போன வாரம் அவன் ஒரு தாளை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினான். ‘எங்கள் வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? இந்த மாதம் எதை விற்றோம்? பெரியவர்களைக் கேட்டு எழுதி வா.’

வியாபாரிகள் ஊரில் கேட்கிற கேள்வியா இது? கட்டின பெண்டாட்டிக்கே கொள்முதல் விலையைச் சொல்லாத ஊர். மூன்று ஜவுளிக்கடை வைத்திருக்கும் வீட்டிலிருந்து ‘நேற்று ஒரு கைக்குட்டை விற்றது’ என்று எழுதி வந்தது. நகைக்கடைக்காரர் மகன் ‘கடவுள் கொடுக்கிறார்’ என்று மட்டும் எழுதியிருந்தான். இருபத்தெட்டுப் பிள்ளைகளில் இருபத்தாறு பேர் வீட்டில் வரவும் செலவும் காசு பிசகாமல் ஒன்றாக இருந்தன. மீதி இரண்டில் ஒரு தாளை ஆடு தின்றுவிட்டதாம். இன்னொன்று இன்னும் வந்து சேரவில்லை.

புதன்கிழமைக்குள் ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. தாள்கள் வரி ஆபீசுக்குப் போகின்றனவாம். வியாழக்கிழமை அது இன்னும் கொஞ்சம் வளர்ந்து, தாளுக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குத் தரகும் உண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு மனு, அதில் முப்பது கையெழுத்து. இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சந்தை. அது முடிந்ததும் பள்ளிக் கமிட்டி கூடுகிறது. நோஃப்ரியின் ஒப்பந்தத்தை ஜூலையில் புதுப்பிப்பதா, வேண்டாமா?

வேண்டாம் என்றால் கடல் தாண்டி, பத்தாம் என்கிற தீவில் ஒரு தொழிற்சாலை வேலை காத்திருக்கிறது. நோஃப்ரியின் சித்தப்பா மகன் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டான். ஒரே வருடம்தான் என்கிறான் நோஃப்ரி. தெஸ்மாவின் சந்திலேயே நாலு பெண்களின் கணவர்கள் ஒரே வருடம் என்று பத்தாம் போயிருக்கிறார்கள். அந்த ஒரு வருடங்களில் இளையதற்கே இப்போது ஏழு வயது.

இதெல்லாம் கூட அவளுக்குச் செரித்துவிட்டது. செரிக்காதது வேறு. மனுவில் முதல் கையெழுத்து அவளுடைய சொந்த அண்ணனுடையது.

சிந்தாரோ என்பது அவருக்குக் குலம் கொடுத்த பட்டம். பெற்றவள் வைத்த பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. மாட்டுத் தரகர், பள்ளிக் கமிட்டித் தலைவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கட்டிக்கொண்டவன் வந்து தங்குகிறவன். அந்த வீட்டுக்குக் குரல் என்று ஒன்று உண்டானால் அது பெண்ணின் அண்ணனுடைய குரல். நோஃப்ரிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அந்தக் குரல்தான். புதன்கிழமை வரை வரிப் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர், வியாழன் மாலை வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். வெள்ளி காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த ஒரு காபிக்குள் என்ன நடந்தது?

*

“அம்மா, என் தாள் இல்லாம நான் போக மாட்டேன்.”

நைலா வாசலில் நின்றாள். வயது எட்டு, மூன்றாம் வகுப்பு. வகுப்பில் அப்பாவை ‘சார்’ என்றும் வீட்டில் ‘அப்பா’ என்றும் கூப்பிட வேண்டியிருப்பதால், கோபம் வந்தால் மட்டும் இரண்டையும் விட்டுவிடுவாள்.

தாள் எங்கே என்று தெஸ்மா கேட்டாள். மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றாள் நைலா. வியாழக்கிழமை மாமா காபி குடிக்கும்போது தாளைக் காட்டினாளாம். வாசித்தவர், எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்திக் கொண்டுவருகிறேன் என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாராம்.

தெஸ்மாவின் கை கூடையில் நின்றது. சிந்தாரோ அண்ணன் எழுத்துப் பிழை திருத்துகிறாரா? தன் பெயரையே மூன்று மூச்சில் எழுதுகிற மனிதர்.

“என்னடி எழுதின அதுல?”

“சொல்லக் கூடாது.”

“ஏன்?”

“துணிக்கு அடியில பேசினதை மூணாவது ஆளுகிட்ட வாயால சொல்லக் கூடாது. சார் சொல்லியிருக்கார்.”

“தாள்ல எழுதினியே?”

“எழுதினா சொன்னதாகுமா?”

தெஸ்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. துணிக்கு அடியில் பேசுவது என்றால் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கை குலுக்குவதுபோலப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு கைலியைப் போட்டு மூடிக்கொள்வார்கள். பேரம் முழுக்க விரல்களுக்குள் நடக்கும். விரலை அடியோடு பிடித்தால் பத்து. நுனியைக் கிள்ளினால் ஒன்று. சுண்டுவிரலை மடக்கினால் பாதி. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் இரண்டு முகங்கள்தான் தெரியும். விலை தெரியாது.

நைலாவிடம் மெல்ல மெல்லக் கறந்தாள். புதன்கிழமை நோஃப்ரி ஹாஜி மர்ஜோஹனை வகுப்புக்கு அழைத்து வந்திருக்கிறான், விரல் பேரத்தைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட. மாட்டு வியாபாரத்தில் அவரைவிடப் பழைய கை இந்த வட்டாரத்தில் இல்லை. யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்க, நைலா எழுந்து போயிருக்கிறாள். சிந்தாரோவின் மருமகளா என்று அவருக்கு ஒரே சந்தோஷம். போன சனிக்கிழமை உங்கள் மாமாவிடம் வாங்கிய சிவப்புக் காளையை இப்போது உன்னிடம் வாங்குகிறேன், விலை பேசு பார்க்கலாம் என்று கையை நீட்டியிருக்கிறார்.

சிவப்புக் காளை.

அது தெஸ்மாவின் காளை. வறுவல் விற்ற காசில் கன்றாக வாங்கி, நான்கு வருடம் புல் போட்டு வளர்த்தது. போன சனிக்கிழமை அண்ணன் அதைச் சந்தைக்கு ஓட்டிப் போய், ஞாயிற்றுக்கிழமை பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பதினெட்டு மில்லியன் ருப்பியா. சந்தை இறங்கிவிட்டது என்று வருத்தப்பட்டார். அவள்தான் அவரைச் சமாதானப்படுத்தினாள்.

தெஸ்மா எழுந்து உள்ளே போய் நோஃப்ரியின் பழைய கைலி ஒன்றை எடுத்து வந்தாள்.

“நைலா, எனக்கு ஒரு சிவப்புக் காளை வேணும். விக்கிறியா?”

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நெஜமா வாங்குறீங்களா, சும்மா விலை கேக்குறீங்களா?”

“நெஜமா.”

கைலிக்குள் இரண்டு கைகள் போயின. தெஸ்மா ஒரு விரலை அடியோடு பிடித்து, ஐந்து நுனிகளைக் கிள்ளினாள். பதினைந்து. நைலாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மாமாவின் மருமகள்தான், சந்தேகமே இல்லை. பதினெட்டு என்றாள் தெஸ்மா. நைலாவின் உதடு லேசாகச் சுழித்தது. இருபது. நைலா கையை உருவப் பார்த்தாள். தெஸ்மா விடவில்லை. கடைசியில் அந்தச் சின்ன விரல்கள் அம்மாவின் இரண்டு விரல்களை அடியோடு பிடித்தன. பிறகு இரண்டு நுனிகளைக் கிள்ளின. அப்படியே நின்றுவிட்டன.

இருபத்திரண்டு.

“இதுக்குக் கீழ கிடையாது,” என்றாள் நைலா. “ஹாஜி தாத்தாவும் இதுலதான் முடிச்சார். ‘உங்க மாமாவும் சரியா இங்கதான் வந்து நின்னார், நகரவே மாட்டேன்னுட்டார்’னு சொல்லிச் சிரிச்சார்.”

தெஸ்மா கைலியை மடித்தாள். நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். நான்கு மில்லியன். அண்ணன் கூலி கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. இப்போது நைலா அந்த இருபத்திரண்டை எழுதி வைத்த தாளுக்காகத்தான் பாடத்தையே நிறுத்தப் பார்க்கிறார். பாடத்தோடு சேர்த்து வாத்தியாரையும்.

கைலியைக் கூடையில் வறுவலுக்கு மேல் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

பள்ளிக்கூட மைதானத்தில் சந்தை களைகட்டியிருந்தது. மேசைக்கு மேசை பிள்ளைகள். ஒட்டரிசிக் கொழுக்கட்டை, ஐஸ், பொரித்த வாழைப்பழம், காகிதப் பூ. எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அது நோஃப்ரியின் சட்டம். முதல் ஒரு மணி நேரம் பேரம் கிடையாது, எழுதிய விலைதான், பிள்ளைகள் மீதிச் சில்லறை கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கு இது தாங்கவில்லை. விலையை எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் மனிதருக்கு மனிதர் பேச என்ன இருக்கிறது என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் தலைமை ஆசிரியையிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அந்தப் பக்கம் இரண்டாயிரம் போட்டிருந்த கொழுக்கட்டையை ஆயிரத்தைந்நூறுக்குக் கேட்டாள். விற்ற பையன் சீட்டைக் காட்டினான். அவள் நகர்வதுபோல நகர்ந்தாள். பையன் வாத்தியார் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு, சீட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஆயிரத்தெழுநூறுக்குக் கொடுத்தான்.

நோஃப்ரி மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தான். மதியம் தன் தலை போகப்போகிறது என்பதை மறந்தவன்போல இருந்தான். தெஸ்மாவைப் பார்த்ததும் கை காட்டினான். பிள்ளைகள் எல்லோரும் கடைக்காரர்கள்போல இடுப்புக்கு முன்னால் ஒரே நிறத்தில் புது முன்துணி கட்டியிருந்தார்கள். விளையாட்டு நோட்டுகள் பெட்டி பெட்டியாக. நடு மேசையில் இரண்டு தராசுகள், பித்தளைத் தட்டு பளபளத்தது. தலைக்கு மேலே அச்சடித்த பெரிய பதாகை.

தெஸ்மாவின் கண் தானாகவே எடை போட்டது. வியாபாரிக் கண்ணுக்கு லீவு கிடையாது. மொத்த விலைக்கே வாங்கினாலும் இரண்டு மில்லியனுக்குக் குறையாது. செவ்வாய்க்கிழமை நோஃப்ரி இந்த மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கேட்டாள்தான். பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்றான்.

தலைமை ஆசிரியை எல்மித்ரா ஜவுளிக்கடைக்காரரிடமிருந்து தப்பி வறுவல் பக்கம் வந்தார். தெஸ்மா மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னாள். பள்ளிக்கூடம் இந்தத் தடவை நன்றாகச் செலவு செய்திருக்கிறது, பிள்ளைகள் அழகாக இருக்கிறார்கள் என்று.

“பள்ளிக்கூடமா?” எல்மித்ரா அவளை ஒரு மாதிரி பார்த்தார். “ஏம்மா, நான் சாக்பீசுக்கே மனு போட்டுட்டு நிக்கிறேன். எல்லாம் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. வறுவல் நல்லா ஓடுது போலன்னு நாங்க பேசிக்கிட்டோம்.”

தெஸ்மா சிரித்து வைத்தாள். வறுவல் நன்றாக ஓடினால் முதலில் தெரிய வேண்டியவள் அவள்.

இன்னொருவரும் வறுவலுக்கு வந்தார். ஹாஜி மர்ஜோஹன், வெள்ளைத் தொப்பி, தோளில் எப்போதும் போலக் கைலி. அரைக் கிலோ கேட்டார். தெஸ்மா விலையைச் சொன்னாள், வேண்டுமென்றே மூவாயிரம் ஏற்றி. ஹாஜி பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பாராமல் போய்விட்டார்.

பேரம் பேசவில்லை. அறுபது வருடத்தில் ஹாஜி மர்ஜோஹன் சொன்ன விலையைக் கொடுத்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். எங்கள் ஊரில் ஒருவன் பேரம் பேசாமல் பணம் கொடுத்தால், அவன் வேறு எதற்கோ கொடுக்கிறான்.

*

பதினொன்றரைக்குச் சிந்தாரோ வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கமிட்டி ஆட்கள் நாலு பேர் பின்னால். வராந்தாவில் மேசை தயாராக இருந்தது. மேசைமேல் மனு. மேலே காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்.

கூட்டத்துக்கு முன்னால் தலைவர் சந்தையைச் சுற்றிப் பார்த்து ஏதாவது ஒன்று வாங்க வேண்டும். அது வழக்கம். மற்ற மேசைகளில் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தவர், கடைசி மேசைக்கு வந்தார். நைலாவின் கடை. களிமண்ணில் பிசைந்து, செங்கல் தூள் பூசிய மூன்று காளைகள். அந்த ஒரு மேசைக்கு மட்டும் நோஃப்ரி விலைச்சீட்டு கேட்கவில்லை. இங்கே விலை துணிக்கு அடியில் என்று எழுதி வைத்திருந்தான். ஊர் வழக்கமும் பாடத்தில் இருக்கட்டும் என்று.

“மாமா, என் தாள் எங்க?” என்றாள் நைலா.

“வீட்ல இருக்கு கண்ணு. நாளைக்குத் தர்றேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை.”

அதற்குள் தெஸ்மா மேசைக்குப் பின்னால் வந்துவிட்டாள். நைலாவைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள். கூடையிலிருந்து கைலியை எடுத்து உதறினாள். வறுவல் தூள் பறந்தது.

“கடைக்காரி வெளியில போயிருக்கா. நான்தான் இப்போ விக்கிறேன். வாங்குங்கண்ணே. சிவப்புக் காளை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிஜ மாட்டுச் சந்தையில் பெண் யாரும் கைலிக்குள் கை விடுவதில்லை. இது பிள்ளைகளின் சந்தை, விளையாட்டு. கமிட்டித் தலைவர் தங்கையோடு விளையாடவில்லை என்றால்தான் பார்க்க நன்றாக இருக்காது. சிந்தாரோவும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

“ஒனக்கு விரல் தெரியுமா தெஸ்மா?”

“நம்ம வீட்லதானே நானும் வளர்ந்தேன்.”

கைலி மூடியது.

அவர் விளையாட்டாக ஒரு நுனியைக் கிள்ளினார். ஒன்று. தெஸ்மா அவருடைய இரண்டு விரல்களை அடியோடு பிடித்தாள். நிதானமாக இரண்டு நுனிகளைக் கிள்ளினாள்.

அண்ணனின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கைதான் குளிர்ந்துபோனது.

அவர் ஒரு விரலை அடியோடு பிடித்து, எட்டுத் தடவை நுனியைக் கிள்ளினார். பதினெட்டு. பழைய கதை. தெஸ்மா மறுபடியும் இருபத்திரண்டு என்றாள், இந்தத் தடவை நகம் பதிய. அவர் கையை இழுத்தார். அவள் விடவில்லை. வெளியே பார்க்கிறவர்களுக்கு அண்ணனும் தங்கையும் ஒரு மண் காளைக்கு மும்முரமாக விலை பேசிக்கொண்டிருந்தார்கள். விடாதே தெஸ்மா என்று யாரோ உற்சாகப்படுத்தினார்கள். ஹாஜி மர்ஜோஹன் மட்டும் தூரத்தில் வறுவல் பொட்டலத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டத்துக்கு நேரமாச்சு,” என்றார் சிந்தாரோ.

“விலை முடியட்டும்ணே. ஜூலை வரைக்கும் கூட நிப்பேன்.”

ஜூலை என்ற வார்த்தையில் அவர் நிமிர்ந்து பார்த்தார். தங்கை என்ன விற்கிறாள் என்று இப்போது புரிந்துவிட்டது. மாடு இல்லை. ஜூலையில் நோஃப்ரி இங்கேயே இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஊர் முன்னால், குலத்தின் பட்டத்தைத் தலையில் வைத்திருக்கிறவர் தங்கை மாட்டில் தங்கைக்கே பொய் விலை சொன்னார் என்று ஒரு வார்த்தை வந்தால், பட்டம் போய் அடையாள அட்டைப் பெயர்தான் மிஞ்சும்.

அவர் விரல்கள் மெல்ல அசைந்தன.

நான்கு நுனிகளைக் கிள்ளினார். நான்கு. ஒத்துக்கொள்கிறார்.

தெஸ்மா கையைத் தளர்த்தப்போனாள். ஆனால் அவர் விடவில்லை. இப்போது பிடித்திருந்தது அவர்.

அவளுடைய சுண்டுவிரலை மடக்கினார். பாதி.

பிறகு பக்கத்து விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைத் தொட்டு, ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார்.

மாட்டுச் சந்தை மொழியில் மோதிரத்துக்கு அர்த்தம் கிடையாது. தெஸ்மாவுக்கு அகராதி தேவைப்படவும் இல்லை. நான்கில் பாதி, இரண்டு. அந்த இரண்டு மில்லியனும் இந்த மோதிரத்தைப் போட்டுவிட்டவனிடம்.

கைலியை எடுத்தபோது அவள் கை மடங்கியபடியே இருந்தது.

*

கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சிந்தாரோ எழுந்து நின்று, விசாரித்துவிட்டேன், வரி ஆபீசுக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தம் இல்லை என்றார். தாள்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், பாடம் நடக்கட்டும் என்றார். வாத்தியார் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அவருக்கு நான் ஜவாப்தாரி என்று சொல்லும்போது குரல் கம்பீரமாகவே இருந்தது. முப்பது கையெழுத்துக்காரர்களில் இருபது பேர் தாங்கள் கையெழுத்தே போடவில்லை என்றார்கள். ஜவுளிக்கடைக்காரர் மட்டும் தன் மகனின் தாளைக் கையோடு வாங்கிக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒப்பந்தம் ஜூலையில் புதுப்பிக்கப்படும்.

தெஸ்மா வென்றுவிட்டாள். காலையில் இதற்காகத்தான் கிளம்பினாள். நோஃப்ரி பத்தாம் போகப்போவதில்லை.

எந்த நோஃப்ரி என்பதுதான் இப்போது தெரியவில்லை.

காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினாள். பாதியை வாங்கிக்கொண்டவனை அண்ணன் எதற்கு ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தார்? நோஃப்ரி ஹாஜியை வகுப்புக்குக் கூட்டிவந்ததே தன்னிடம் இன்னும் பணம் கறக்கத்தான் என்று நினைத்துப் பயந்தாரா? அல்லது நோஃப்ரி ஒன்றுமே வாங்கவில்லை, கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மனிதர் போகிற போக்கில் வீட்டுக்குள் ஒரு கொள்ளியைப் போட்டுவிட்டுப் போனாரா? விரல் பொய் சொல்லாது என்பார்கள் மாட்டுச் சந்தையில். அதைச் சொல்கிறவர்களும் தரகர்கள்தான்.

அப்படியானால் முன்துணி எந்தக் காசில் வந்தது?

நோஃப்ரி ஓடி வந்தான். முகமெல்லாம் பல். அண்ணன் மனசு மாறியதை அவனால் நம்ப முடியவில்லை. நேற்று வரைக்கும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் இப்போது தோளில் தட்டிவிட்டுப் போகிறார் என்றான். பிள்ளைகள் எவ்வளவு விற்றார்கள், யார் யார் மீதிச் சில்லறை சரியாகக் கொடுத்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். நைலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண் காளைகள் இரண்டு விற்றுவிட்டன. சிவப்பு பூசிய பெரியது மட்டும் அப்படியே நின்றது.

“ஆமா, நீயும் அண்ணனும் அவ்வளவு நேரம் பேசினீங்களே,” என்றான் நோஃப்ரி. “கடைசியில என்ன விலைக்கு முடிஞ்சுது?”

“துணிக்கு அடியில பேசினதை மூணாவது ஆளுகிட்டச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

“நான் மூணாவது ஆளா?” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. நடு மேசைக்குப் போய், புதுத் தராசு ஒன்றைத் தூக்கினாள். பித்தளைத் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள். நோஃப்ரியின் சிரிப்பு முழுசாக முடியாமல் பாதியில் நின்றது. அவன் கண் ஒரு தடவை வராந்தா பக்கம், சிந்தாரோ உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போய்த் திரும்பியது.

“காலையிலேர்ந்து கேக்கணும்னு இருந்தேங்க,” என்றாள் தெஸ்மா. குரல் சாதாரணமாக இருந்தது, கடைக்கு வந்தவரிடம் பேசுவதுபோல. “இந்த மைதானத்துல இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் விலை எழுதி ஒட்டணும்னு சட்டம் போட்டீங்களே. இதுக்கு மட்டும் ஏன் ஒட்டல?”